தளர்வும் தொண்டும்: பரந்தன் மண்ணை முன்வைத்து ஒரு நோக்கு

தொண்டில் ஈடுபட்டோர் தளர்வுறுவது புதுமையன்று. அத்தளர்வைப் பற்றி வாய்திறந்து பேசக் கூசுவதே வியப்புக்குரியது. கிறித்தவ ஊழியம் பற்றிய பிரசங்கங்களில் மனச்சோர்வு பெரும்பாலும் விசுவாசக் குறைவின் அறிகுறியாகவே கொள்ளப்படுகின்றது. சோர்ந்தவனுக்கு ஊக்கமொழிகள் கூறப்படுகின்றன, அவனுக்காகச் செபிக்கப்படுகின்றது, அவன் எழுப்பிய வினா மட்டும் விடையின்றி நின்றுவிடுகின்றது. 'இனியும் செய்ய வலிமை உண்டா?' என்பதன்று அவன் வினா. வலிமை உறக்கத்தாலும் உணவாலும் மீளக்கூடியது. 'இனியும் செய்வதற்குக் காரணம் உண்டா?' என்பதே அவனை வருத்துவது. முன்னையது உடலையும் உளத்தையும் பற்றிய வினா. பின்னையது அறத்தைப் பற்றிய வினா. தொண்டு எதன்மேல் நிற்கின்றது என்பதைத் தெளியாமல் பின்னையதற்கு விடை காண்டல் அரிது.

இவ்வினாவை நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆராய்வதைவிட, அது உண்மையாகவே எழுந்த ஒரு நிலத்தின்மேல் வைத்து நோக்குதல் பயன்தரும். பரந்தன் அத்தகைய நிலம். கண்டி வீதியில், வடக்கே ஆனையிறவையும் தெற்கே கிளிநொச்சியையும் கிழக்கே முல்லைத்தீவுக்குச் செல்லும் பாதையையும் மேற்கே பூநகரிக்குச் செல்லும் பாதையையும் இணைக்கும் சந்தி அது. இரணைமடுக் குளத்தின் நீர் பாயும் வயல்களைச் சூழ, குடியேற்றத் திட்டங்களினால் உருவான ஊர்கள் அதன் சுற்றுப்புறத்தில் உள்ளன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிலந்தேடி வந்தோரும், 1977ஆம் ஆண்டின் வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து உயிர்தப்பி வந்தோரும் அங்கே அயலவராயினர். ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்டு இயங்கிய இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலத்தில் பரந்தனின் பெயரை நாடறியச் செய்தது.

இந்நிலத்தில் கிறித்தவத் தொண்டுக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. குடாநாட்டில் 19ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் வேரூன்றிவிட்டன. அங்கு பணிக்குச் சென்றோர் முன்னோர் கட்டிய கட்டடத்துள் நுழைந்தனர். வன்னியின் புதிய ஊர்களிலோ ஊரும் கோவிலும் ஒருங்கே எழவேண்டியிருந்தது. பங்குத்தந்தையும் போதகரும் வழிபாடு நடத்துவதோடு அமையாது, பிறப்புப் பதிவில்லாத பிள்ளைக்குப் பாடசாலையில் இடந்தேடவும், மலேரியாக் காய்ச்சற்காரரை வைத்தியசாலைக்கு அனுப்பவும், காணி உறுதியில்லாதவனுக்கு மனு எழுதிக் கொடுக்கவும் வேண்டியவராயினர். கிளிநொச்சியின் கருணா நிலையம், பரந்தனையடுத்த முரசுமோட்டையின் நவஜீவனம் முதலிய இல்லங்கள் ஆதரவற்றோர்க்கு நிழலாயின. கிறித்தவர் அங்கே சிறுபான்மையினர். தொண்டினைப் பெற்றோரிற் பெரும்பாலார் சைவர். ஆதலின் சபை வளர்ச்சி என்ற அளவுகோல் அங்குத் தொடக்கத்திலேயே பயனற்றதாயிற்று. இதனை ஒரு குறையாகக் கருதவேண்டியதில்லை. அளவுகோல் ஒன்று கைநழுவியதால் நோக்கம் தூயதாயிற்று எனலே பொருந்தும்.

பின்னர் வந்தவை யாவரும் அறிந்தவை. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டகன்ற இலட்சக்கணக்கானோரிற் பெருந்தொகையினர் வன்னியை வந்தடைந்தனர். 1996இல் கிளிநொச்சி நகரே போர்க்களமாகி வெறுமையுற்றது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தோடு திரும்பியோர் கூரையற்ற சுவர்களைக் கண்டு, மீண்டும் கட்டினர். 2008இன் பிற்பகுதியில் அவற்றையும் விட்டுக் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். 2009 ஜனவரி முதலாம் நாள் பரந்தனும் மறுநாள் கிளிநொச்சியும் இராணுவத்தின் வசமாயின. மக்களோ அவ்விரு ஊர்களிலும் அப்போது இலர். வெளியேற விடப்படாமலும் எறிகணைகளுக்குத் தப்பமுடியாமலும் அவர்கள் முல்லைத்தீவுக் கடற்கரையை நோக்கி ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்தனர்.

ஒரு பாடசாலைக்கு மூன்றுமுறை கூரை வேய்ந்தவன் நான்காம் முறையும் வேயவேண்டுமா? தளர்வு இங்கே கோழைத்தனமன்று. அது நியாயமான ஒரு கணக்கு. அக்கணக்குக்குச் சமயவுலகம் வழக்கமாகக் கூறும் விடைகள் இரண்டு.

'பலன் பின்னர் வரும். விதைத்தவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன்' என்பது முதலாவது விடை. இதற்கு வரலாற்றுச் சான்று இல்லாமலில்லை. அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் 1816இல் பணி தொடங்கியது. அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் அதன் சபையினர் தொகை மிகச் சிறிதாகவே இருந்தது. 1823இல் எழுந்த வட்டுக்கோட்டைச் செமினரி, ஆங்கிலம் கற்றோர் உத்தியோகம் தேடிச் செல்கின்றனர், சமயப்பணிக்கு வருவார் குறைவு என்னும் ஏமாற்றம் மேலோங்க, 1855இல் மூடப்பட்டது. அவ்வேமாற்றத்தின் நடுவே மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்த அவர், இடையில் சில ஆண்டுகள் தாயகம் சென்று மீண்டு, 1873 வரை பணிபுரிந்தார். அறுபதுக்கு மேற்பட்டோரை மேலைமருத்துவத்திற் பயிற்றினார். ஆங்கிலத்திற் கற்றவன் ஊரை விட்டுப் போய்விடுவான், தமிழிற் கற்றவன் தன் ஊரிலேயே தங்குவான் என்று கருதிப் பயிற்சியைத் தமிழுக்கு மாற்றினார். 'இரணவைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872) முதலிய பெருநூல்கள் அம்முயற்சியின் விளைவுகள். மதமாற்றக் கணக்கில் தோல்வியாகத் தோன்றியது, தமிழில் அறிவியல் கூறமுடியும் என்பதற்குச் சான்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது.

இது ஆறுதல் தருவதே. ஆயின் வன்னிக்குப் பொருந்துவதன்று. கிறீனின் நூல்கள் எரியவில்லை. அவர்தம் மாணவர் இறந்துபோகவில்லை. விதைத்ததெல்லாம் முளைத்த இடத்தில் நின்றுகொண்டு, விதையே கருகிய இடத்தில் நிற்பவனுக்கு அவ்வுவமையைக் கூறுதல் கொடுமை. எழுத்தறிவித்த பிள்ளை பதுங்குகுழியில் இறந்துவிட்டது எனின், 'பலன் பின்னர் வரும்' என்ற சொல்லுக்கு அங்கே பொருளில்லை. பின்னர் வருவதை நம்பிச் செய்யும் தொண்டு, நுணுகி நோக்குமிடத்து, நீண்டகாலத் தவணையில் இட்ட முதலீடேயாம். முதல் அழிந்தால் முயற்சியும் அழியும்.

'பலனைக் கருதாதே' என்பது இரண்டாவது விடை. கீதையின் வழிவந்த இச்சிந்தனை இந்தியக் கிறித்தவரிடையேயும் ஆழமாகப் பதிந்துள்ளது. முதலாம் விடையினும் இது உயர்ந்தது என்பதில் ஐயமில்லை; செய்பவனைத் தன்னலத்தினின்றும் புகழாசையினின்றும் விடுவிப்பது. எனினும் தொண்டைப் பொறுத்தவரையில் இங்கொரு இடர் உண்டு. காய்ச்சலுற்ற பிள்ளைக்கு மருந்து கொடுப்பவள் கருதும் பலன் யாது? காய்ச்சல் தணிதல். அப்பலன் அவளுடையதன்று, பிள்ளையுடையது. அதனைப் பொருட்படுத்தாதிருத்தல் பற்றின்மையாகுமா, அன்பின்மையாகுமா? தனக்கு வரும் பலனைத் துறத்தல் ஒன்று. பிறனுக்கு வரும் பலனைத் துறத்தல் மற்றொன்று. முன்னதைத் துறந்தவனே பின்னதற்காகக் கூடுதலாக அழுவான். எருசலேமை நோக்கிக் கண்ணீர் விட்டவராக இயேசுவைக் காட்டும் சுவிசேஷம் இவ்வகையிற் கீதையின் வழியினின்று விலகியே நிற்கின்றது. அங்கே விளைவைப் பற்றிய துயரம் பலவீனமாகக் கொள்ளப்படவில்லை.

ஆகவே தொண்டன் பலன் வருமென்று நம்பியிருக்கவும் முடியாது. பலனைப் பற்றிக் கவலையற்றிருக்கவும் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே அவன் நிற்கக்கூடிய இடம் உண்டா?

2008ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் கிளிநொச்சியில் நிகழ்ந்த ஒன்று இவ்விடத்துக் கருதத்தக்கது. பாதுகாப்புக்கு உத்தரவாதம் அளிக்கமுடியாது எனக் கூறி, ஐக்கிய நாடுகள் சபையினரையும் சர்வதேச உதவி நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசு பணித்தது. அச்செய்தி பரவியதும் மக்கள் ஐ.நா. அலுவலகத்தின் வாயிலிற் கூடினர். அரிசி கேட்டோ கூடாரம் கேட்டோ அவர்கள் அங்குக் கூடவில்லை. போகவேண்டாம் என்றே மன்றாடினர். அம்மாத நடுப்பகுதியில் வாகனங்கள் தெற்கு நோக்கிச் சென்றன. அவ்வெளியேற்றம் உள்ளிட்ட நடவடிக்கைகளை மீளாய்வு செய்த ஐ.நா.வின் உள்ளக அறிக்கை 2012 நவம்பரில் வெளியாயிற்று. அந்நிறுவனம் தன் பொறுப்பினின்றும் தவறியமையை அது வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது.

அவ்வாயிலில் நின்றோர் கணக்கறியாதவரல்லர். ஒருசில அலுவலர் தங்கியிருப்பதனால் போர் நின்றுவிடாது என்பதை அவர்கள் அறிந்தேயிருப்பர். அறிந்தும், தங்கியிருத்தலையே கேட்டனர். துன்புறுவோன் தொண்டனிடம் முதலில் வேண்டுவது தீர்வன்று, உடனிருப்பு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காட்டல் அரிது. உடனிருத்தல் பின்னர் வரப்போகும் ஒரு பலனுக்கான கருவியன்று. அது நிகழும்போதே நிறைவுறுவது. நாளை யாது நேரினும், இன்று ஒருவன் தனித்து விடப்படவில்லை என்ற உண்மையை எந்த எறிகணையும் பின்னோக்கிச் சென்று அழிக்கமுடியாது. கூரை எரியலாம், கூரையின்கீழ் ஒருவன் கைப்பிடித்து எழுத்தறிவித்த அக்காலைப்பொழுது நிகழ்ந்ததாகவே இருக்கும். நான்காம் முறை கூரை வேய்பவனுக்குக் கூறக்கூடிய காரணம் இதுவொன்றே போலும். கூரை நிலைக்கும் என்பதற்காக அவன் வேயவில்லை. அதன்கீழ் இருக்கவேண்டியோர் இன்று மழையில் நிற்கின்றனர் என்பதற்காக வேய்கின்றான்.

நிறுவனங்கள் சென்றபின் தங்கியோரும் இருந்தனர். உள்ளூர்ப் பணியாளர், வைத்தியர், தாதியர், குருக்கள், கன்னியர் எனப் பலர். கிளிநொச்சி மாவட்டத்து உருத்திரபுரம் பங்கிற் பணிபுரிந்த மரியாம்பிள்ளை சரத்ஜீவன் அடிகளார் அவர்களுள் ஒருவர். தம் மக்களோடு இடம்பெயர்ந்து, இறுதிவரை அவர்களோடிருந்து, 2009 மே 18ஆம் நாள், போர்க்களத்தை விட்டு வெளிவரும் வேளையில் உடல் சோர்ந்து மாரடைப்பால் உயிர் நீத்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் அதே மே மாதத்தில் வட்டுவாகற் பகுதியில் இறுதியாகக் காணப்பட்டார். பின்னர் அவரைப் பற்றிய தகவல் எதுவுமில்லை.

இவர்களை வீரர்களாக்கி மேடையேற்றுதல் எளிது. அவ்வாறு செய்யுமிடத்து, தளர்ந்த சாதாரண ஊழியன் தன்னை அவர்களோடு ஒப்பிட்டு மேலும் தளர்வான் என்பதைப் புகழுரை நிகழ்த்துவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் தளரவில்லை என்று யாருக்குத் தெரியும்? உணவும் உறக்கமுமின்றி, அன்றாடம் பிணங்களுக்குச் செபஞ்சொல்லிய மனிதர் தளராதிருந்திருப்பின் அதுவே அச்சத்துக்குரியது. தளர்வின்மைக்காக அவர்களை நினைவுகூர்தல் தவறு. உடனிருந்தார்கள் என்பதே நினைவுகூரத்தக்கது.

இனி, தளர்வு என ஒரே பெயரால் அழைக்கப்படுவனவற்றுள் ஒரு வேறுபாடு காணவேண்டும். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த ஏவாகிரியுஸ் என்னும் துறவி, தனிவாழ்வினரைப் பீடிக்கும் தீய எண்ணங்களுள் ஒன்றினை 'அக்கேதியா' எனப் பெயரிட்டு விவரித்தார். நண்பகலில் அது வருமாம். சூரியன் நகராது நிற்பதுபோலவும் பகல் ஐம்பது நாழிகை நீண்டதுபோலவும் தோன்றுமாம். துறவி தன் குடிசையை விட்டு வெளியே பார்ப்பான். யாராவது வருகின்றார்களா என்று நோக்குவான். வேறோரிடத்தில் இதனினும் எளிதாக இறைபணி செய்யலாமே என்று எண்ணுவான். இவ்விவரணையைப் படிக்கும் எந்த ஆசிரியனும், எந்தத் தாதியும் தன்னை அதிற் காணாதிருத்தல் இயலாது. (பல்கலைக்கழகத்து விரிவுரையாளரும் விலக்கல்லர்.) அக்கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் 'அக்கறையின்மை' என்பது. பிற்காலத்தில் தோமஸ் அக்குவைனஸ் அதனை அன்பின் மகிழ்ச்சிக்கு எதிரான ஒரு துயரமாக வகுத்தார்.

பரந்தனில் எரிந்த கூரையின் முன் நின்று அழுபவனிடத்தில் இருப்பது அக்கேதியா அன்று. அவனுக்கு அக்கறை மிகுந்துள்ளது, மிகுந்தமையாலேயே நொந்தான். அக்கறை அற்றவன் நோவதில்லை. அவன் அறிக்கை எழுதிவிட்டு அடுத்த திட்டத்துக்குச் சென்றுவிடுகின்றான். இவ்விரு நிலைகளையும் ஒன்றெனக் கொண்டு இரண்டுக்கும் ஒரே கண்டனத்தை வழங்குவது சமயத் தலைவர்கள் செய்யும் பெருந்தவறு. நொந்தவனைச் சோம்பேறி எனக் கடிந்தால், அவன் நோவதை நிறுத்திக்கொள்ளக் கற்றுக்கொள்வான். அன்றுதான் அவன் உண்மையான அக்கேதியாவுக்கு ஆளாவான். பலனை எண்களாற் காட்டவேண்டும் என வற்புறுத்தும் நன்கொடை நிறுவனங்களும் இதற்குத் துணைபோகின்றன. எத்தனை பேர் பயன்பெற்றனர் என்ற கட்டத்தை நிரப்பலாம். எத்தனை இரவு ஒருத்தியின் அருகில் அமர்ந்திருந்தோம் என்பதை நிரப்பக் கட்டமில்லை. கட்டம் இல்லாதது நடவாதது என ஊழியனே நம்பத் தொடங்குகின்றான்.

உணர்ச்சி வற்றிய நிலையிலும் தொண்டு உண்மையாயிருக்க முடியுமா என்பது அடுத்த வினா. கான்ற் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், தன் துயரத்தால் மனம் இருண்டு பிறர்மேல் இரக்கமே தோன்றாத ஒரு கொடையாளனைக் கற்பனை செய்கின்றார். அவன் அம்மந்தநிலையினின்று தன்னைப் பிடுங்கி எடுத்துக் கடமைக்காகவே உதவுவானாயின், அப்போதுதான் அச்செயலின் ஒழுக்கப்பெறுமதி வெளிப்படுகின்றது என்பது அவர் கொள்கை. இதில் ஒரு கடுமை உண்டு. கடமைக்காக மட்டுமே நீட்டப்படும் கையைப் பற்றுவோன் அதன் குளிர்ச்சியை உணர்வான். ஆயினும் உணர்ச்சியின் மறைவை அன்பின் மறைவென எண்ணித் துவளுவோர்க்கு அது மருந்தாகின்றது. அன்னை தெரேசாவின் மறைவுக்குப் பின், 2007இல், அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளியாயின. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இறைவனின் அண்மையை அவர் உணரவில்லை, உள்ளே இருளும் வெறுமையுமே இருந்தன என்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது. சிலர் அதனைப் போலித்தனம் என்றனர். கல்கத்தாவின் வீதியோரத்தில் கிடந்து அவர் மடத்திற் சேர்க்கப்பட்டவர் அவ்வாறு கூறியிருப்பாரா என்பது ஐயமே. உணர்ச்சி வந்தாலன்றிச் செய்யேன் என்பவன் பிறனுடைய தேவையைத் தன் மனநிலைக்குக் கீழ்ப்படுத்துகின்றான்.

இவ்வளவும் கூறியபின், தளர்ந்தவன் எக்காலும் அகலவே கூடாது என்பது முடிபாகத் தோன்றலாம். அது முடிபன்று. கிறீன் 1873இல் உடல்நலங் குன்றி நாடு திரும்பினார். அதனை எவரும் துரோகம் எனக் கூறார். விவிலியத்தில் ஊழியத் தளர்வை மிக நேராகச் சித்திரிக்கும் பகுதி எலியாவின் வரலாறு. கவனிக்கத்தக்கது, அவர் தளர்ந்தது தோல்வியின் பின்னன்று, கர்மேல் மலையிற் பெற்ற பெருவெற்றியின் பின். அரசியின் பகைக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடி, ஒரு செடியின் நிழலில் வீழ்ந்து, சாவை வேண்டினார். அவருக்கு முதலில் அனுப்பப்பட்டது கண்டனமன்று, போதனையுமன்று. சுட்ட அப்பமும் ஒரு குவளை நீரும். உண்டு உறங்கினார், மீண்டும் எழுப்பப்பட்டு மீண்டும் உண்பிக்கப்பட்டார். வழி நெடியது என்பதை வானதூதன் மறைக்கவும் இல்லை. ஊழியனுக்கு உணவும் ஓய்வும் துணையும் தருவது திருச்சபையின் கடன் என்பதற்கு இதனினும் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. போருக்குப் பின் ஏறத்தாழ 280,000 பேர் முகாம்களில் அடைபட்டிருந்த காலத்தில், அவர்களோடு சேர்ந்து வந்த குருக்களும் ஆசிரியரும் பராமரிக்கப்பட வேண்டியோராகவே இருந்தனர். ஆனால் வெளியுலகம் அவர்களை உடனடியாகப் பராமரிப்போர் வரிசையிற் சேர்த்துவிட்டது.

ஓரேபு மலையில் எலியா, தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக முறையிட்டார். தனிமையுணர்வு தளர்வின் உடன்பிறப்பு. அவருக்குக் கிடைத்த மறுமொழியில் இரண்டு செய்திகள் இருந்தன. எஞ்சியோர் ஏழாயிரவர் உளர் என்பது ஒன்று. அவருக்குப் பின் அப்பணியை ஏற்கவேண்டியவனைச் சென்று அழைக்கவேண்டும் என்பது மற்றொன்று. ஆக, பணியின் நிலைபேறு ஒரு மனிதனின் தாங்குவலிமைமேல் சுமத்தப்படவில்லை. கிறீன் தமிழிற் பயிற்றிய வைத்தியர் அவர் கப்பலேறிய பின்னரும் ஊர்களில் இருந்தனர் என்பதும், 2010இன் பின் பரந்தனிலும் உருத்திரபுரத்திலும் தகரக் கொட்டில்களின்கீழ் மீண்டும் வகுப்புக்களைத் தொடங்கியோரிற் பலர் முன்பு அவ்வூர்களிலேயே படித்தோர் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. எலியா மலையினின்றும் இறங்கினார். அழைக்கவேண்டியவனை அவர் ஆலயத்திலோ மடத்திலோ காணவில்லை. பன்னிரண்டு ஏர்மாடுகள் பூட்டிய வயலில், பன்னிரண்டாவது ஏரின் பின்னே அவன் உழுதுகொண்டிருந்தான்.